ஜெபம் செய்தால் கேட்டது கிடைக்குமா? கிடைக்காதபோதும் ஏன் ஜெபிக்கிறார்கள்?

ஸ்கேன் ரிப்போர்ட் வருகிறது. டாக்டர் பேசி முடிக்கிறார். வராண்டாவுக்கு வந்ததும் மகள் முதலில் செய்வது, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரி போடுவதுதான்: "அப்பாவுக்காக ஜெபம் பண்ணிக்கோங்க." அடுத்த பத்து நிமிடத்தில் கூப்பிய கை எமோஜிகள் வரிசையாக வந்து விழுகின்றன. பாளையங்கோட்டை சித்தி வாய்ஸ் மெசேஜிலேயே அழுதுகொண்டு ஜெபிக்கிறார். துபாயில் இருக்கும் அண்ணன் "ப்ரேயிங்" என்று மட்டும் போடுகிறார். சபையில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கான ஜெபக்குறிப்புகளில் அப்பாவின் பெயரும் ஏறுகிறது.

தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் இது அன்றாடக் காட்சி. அப்பா பிழைத்துவிட்டால் பிரச்சினை இல்லை, அடுத்த ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்வார்கள். மூன்று மாதம் கழித்து அப்பா இறந்துபோனால்? துக்கம் விசாரிக்க வருகிறவர்களில் யாரோ ஒருவர், பெரும்பாலும் நல்ல எண்ணத்தோடுதான், சொல்லிவிடுகிறார்: "இன்னும் கொஞ்சம் விசுவாசத்தோட கேட்டிருக்கணும்மா."

அப்பாவை இழந்து நிற்கும் பெண்ணின் தலையில், அந்தச் சாவுக்கான பொறுப்பையும் சேர்த்து ஏற்றிவைக்கும் வாக்கியம் அது. இதைக் கேட்டபின் சபைப் பக்கமே போகாமல் நின்றுவிட்டவர்கள் உண்டு. பல வருடம் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு வாழ்கிறவர்களும் உண்டு. கிறிஸ்தவம் நிஜமாகவே அப்படித்தான் சொல்கிறதா? அதன் சொந்த நூல்களைப் புரட்டினால், இல்லை என்பதற்குத்தான் ஆதாரம் அதிகம்.

ஜெபம்னா கேட்கிறது மட்டும்தானா?

சீர்திருத்தச் சபைகளில் 'ஜெபம்', கத்தோலிக்கர்களிடம் 'செபம்', பொது வழக்கில் 'பிரார்த்தனை'. பெயர் எதுவானாலும், வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது ஒரு கோரிக்கை மனு மாதிரித்தான் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் துதி இருக்கிறது, நன்றி இருக்கிறது, செய்த தவறைச் சொல்லி அழுவது இருக்கிறது, அடுத்தவருக்காக மன்றாடுவது இருக்கிறது. ஒன்றும் பேசாமல் சும்மா உட்கார்ந்திருப்பதும் ஜெபம்தான். கேட்பது இவற்றில் ஒன்று. ஆனால் அதை ஒதுக்கிவிடவும் முடியாது. இயேசு கற்றுக்கொடுத்த ஜெபமே பெரும்பாலும் கேட்பதுதான்.

எப்படி ஜெபிப்பது என்று கற்றுக்கொடுங்கள் என்று சீடர்களில் ஒருவர் கேட்டதாக லூக்கா எழுதுகிறார். பதிலாக வந்தது, நிதானமாகச் சொன்னால்கூட அரை நிமிடத்தில் முடிந்துவிடும் ஜெபம். முழு இரவு ஜெபக் கூட்டங்களுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். முதலில் கடவுளின் பெயர், அவருடைய ஆட்சி, அவருடைய சித்தம். அதற்குப் பிறகுதான் சாப்பாடு, மன்னிப்பு, சோதனையிலிருந்து காப்பு. சாப்பாடும் அன்றைக்கு வேண்டிய அளவுதான். இருபது வருட ஹோம் லோனுக்கு அதில் இடமில்லை.

தமிழில் சொல்லும்போது இன்னொன்றும் தெரியும். ஆங்கிலத்தில் 'நம்', 'எங்கள்' இரண்டுக்கும் ஒரே சொல்தான். தமிழில் பிரித்தாக வேண்டும். கடவுளை முன்னால் வைத்துப் பேசுவதால் 'எங்கள்' என்று வருகிறது. 'என்' என்ற சொல் அந்த ஜெபத்தில் ஓரிடத்திலும் கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டு ஒருவர் மட்டும் சொன்னாலும் பன்மைதான். எனக்குச் சோறு வேண்டும் என்று அந்த ஜெபத்தை வைத்துக் கேட்கவே முடியாது. பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான் கேட்டாக வேண்டும். மன்னிப்பைக் கேட்கும் இடத்தில் இன்னொரு பிடியும் உண்டு. நாங்கள் மற்றவர்களை மன்னிப்பதுபோல என்று, கேட்கிறவர் தன் வாயாலேயே தன்னைக் கட்டிப்போட்டுக்கொள்கிறார்.

ஆய்வு பண்ணிப் பார்த்தாங்களா?

பார்த்தார்கள். 1872-லேயே டார்வினின் உறவினரான பிரான்சிஸ் கால்டன் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். இங்கிலாந்து முழுக்க வாராவாரம் ராஜ குடும்பத்தின் நீண்ட ஆயுளுக்காக ஜெபிக்கிறார்கள். ஆனால் வசதியான மற்ற பிரிவினரோடு ஒப்பிட்டால் அரசர்களின் ஆயுள் குறைவாகத்தான் இருக்கிறது என்று எழுதினார். அந்தக் காலத்தில் அது பெரிய சர்ச்சை.

இன்றுவரை அதிகம் பேசப்படுவது, 2006-ல் அமெரிக்க இதய மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஆய்வு. ஹார்வர்டைச் சேர்ந்த ஹெர்பர்ட் பென்சன் தலைமையில் 6 மருத்துவமனைகளில், பைபாஸ் அறுவை சிகிச்சைக்கு வந்த 1,802 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்காக ஜெபம் நடந்தது, இரண்டாவது குழுவுக்காக நடக்கவில்லை. தங்களுக்காக ஜெபிக்கிறார்களா இல்லையா என்பது இந்த இரண்டு குழுக்களுக்கும் தெரியாது. மூன்றாவது குழுவிடம், உங்களுக்காகக் கட்டாயம் ஜெபிப்பார்கள் என்று சொல்லிவிட்டே ஜெபித்தார்கள். ஜெபித்தவர்கள் நோயாளிகளை அறியாத வெளியாட்கள். நோயாளியின் முதல் பெயரும் இனிஷியலும் மட்டும் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. இரண்டு வாரம் ஜெபித்தார்கள்.

முடிவு? அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய சிக்கல்கள், ஜெபிக்கப்பட்டவர்களில் 52 சதவீதம் பேருக்கு, ஜெபிக்கப்படாதவர்களில் 51 சதவீதம் பேருக்கு. பெரிய வித்தியாசம் இல்லை. தங்களுக்காக ஜெபிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டவர்களில் 59 சதவீதம். கொஞ்சம் கூடுதல்! 'ஜெபக் குழுவையே கூப்பிடும் அளவுக்கு நம்ம நிலைமை மோசமா?' என்ற பதற்றமாக இருக்கலாம் என்று ஆய்வாளர் ஒருவர் ஊகம் சொன்னார். தற்செயலாகவும் இருக்கலாம்.

கடவுள் மறுப்பாளர்கள் இந்த ஆய்வைக் கொண்டாடினார்கள். கடவுளைச் சோதனைக்கூடத்தில் வைக்க முடியாது என்று விசுவாசிகள் ஒதுக்கினார்கள். இரண்டாவது வாதத்தில் கொஞ்சம் நேர்மைக் குறைவு இருக்கிறது. முடிவு சாதகமாக வந்திருந்தால் இதே ஆய்வு எத்தனை கன்வென்ஷன் மேடைகளில் முழங்கியிருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே ஆய்வு சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்வதுதான் நியாயம்: ஜெபத்தை ஒரு மாத்திரை மாதிரி டோஸ் கணக்கில் கொடுத்தால், மாத்திரை மாதிரி வேலை செய்வது தெரியவில்லை.

கேள்வி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஜெபம் மாத்திரை மாதிரி வேலை செய்யும் என்று கிறிஸ்தவம் எப்போதாவது சொன்னதா?

கடவுளுக்குத் தெரியும்னா, ஏன் கேட்கணும்?

இது பழைய கேள்வி. கேட்பதற்கு முன்பே உங்களுக்கு என்ன தேவை என்று தந்தைக்குத் தெரியும் என்று மத்தேயு நற்செய்தியில் இயேசுவே சொல்கிறார். சொன்ன கையோடு ஜெபமும் கற்றுக்கொடுக்கிறார். தகவல் சொல்வதற்காக ஜெபம் இல்லை என்பது அங்கேயே தெளிவாகிவிடுகிறது.

கி.பி. 412 வாக்கில் புரோபா என்ற பெண் இதையொட்டி அகஸ்தீனுக்குக் கடிதம் எழுதினார். ரோம் நகரின் பெரும் பணக்காரக் குடும்பத்து விதவை. 410-ல் ரோம் சூறையாடப்பட்டபின் ஆப்பிரிக்காவுக்குத் தப்பி வந்தவர். எப்படி ஜெபிப்பது, எதைக் கேட்பது என்பது அவருடைய கேள்வி. இன்றைய அல்ஜீரியாவில் இருக்கும் ஹிப்போ நகரின் ஆயராக இருந்த அகஸ்தீனின் பதில் நீளமானது. அதன் சாரம் இது: நம் விருப்பத்தைக் கடவுள் தெரிந்துகொள்வதற்காக நாம் கேட்பதில்லை. கேட்டுக்கேட்டு நம்முடைய ஏக்கம் வளர வேண்டும், அவர் தருவதை வாங்கிக்கொள்ளும் அளவுக்கு நாம் விரிய வேண்டும் என்பதற்காகக் கேட்கிறோம். 13-ம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இதையே வேறு பக்கத்திலிருந்து பார்த்தார். கடவுளின் மனதை மாற்றுவதற்காக ஜெபிப்பதில்லை, ஜெபத்தின் வழியாகக் கிடைக்க வேண்டும் என்று அவர் வைத்திருப்பதைப் பெறுவதற்காக ஜெபிக்கிறோம் என்றார்.

இரண்டு பேரில் அகஸ்தீன்தான் சாதாரண மனிதர்களுக்குப் பக்கத்தில் வருகிறார். பிள்ளைக்குப் பசிக்கும் நேரம் அம்மாவுக்குத் தெரியும். ஆனாலும் "அம்மா, பசிக்குது" என்று பிள்ளை ஓடி வருவதை எந்த அம்மாவும் தேவையில்லாத தகவல் என்று நினைப்பதில்லை. ஓடி வருவதை அந்தப் பிள்ளை நிறுத்திவிட்டால்தான் அம்மாவுக்குக் கவலை வரும்.

கேட்டும் கிடைக்காதவர்கள்

'விசுவாசம் போதல' என்கிறவர்கள் கவனமாகத் தாண்டிப் போகும் பக்கங்கள் பைபிளில் நிறைய உண்டு. கெத்செமனே தோட்டத்தில், சிலுவைச் சாவுக்கு முந்தைய இரவில், இந்தப் பாத்திரம் தன்னைவிட்டு நீங்க வேண்டும் என்று இயேசு கேட்டார். ஒருமுறை இல்லை, திரும்பத் திரும்ப. நீங்கவில்லை. பவுல் தன் உடம்பில் ஒரு முள் இருந்ததாக எழுதுகிறார். நோயா வேறு எதுவுமா என்று இன்றுவரை அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். அதை எடுத்துவிடும்படி மூன்று முறை வேண்டினார். எடுக்கப்படவில்லை. அந்த முள்ளோடே தாங்கிக்கொள்வதற்கான கிருபை உண்டு என்ற பதில்தான் கிடைத்தது. இந்த இரண்டு பேரிடமும் போய் விசுவாசம் போதவில்லை என்று எந்தப் போதகரும் சொல்லத் துணியமாட்டார்.

சங்கீதங்கள் மொத்தம் 150. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். பெரும்பாலான புலம்பல்கள் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். 88-ம் சங்கீதம் திரும்பாது. இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. ஆறுதலாக ஒரு வரிகூட இல்லாத அந்தப் புலம்பலைப் புனித நூலிலிருந்து யாரும் வெட்டி எறியவில்லை. கடவுளிடம் அப்படியும் பேசலாம் என்று விட்டுவைத்திருக்கிறார்கள்.

நம் ஊரில் இந்தக் கேள்வி மிகக் கொடூரமாக வந்து நின்ற நாள் 2004 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணியில் திருப்பலிக்கு வந்திருந்த கூட்டம் ஏராளம். கேரளாவிலிருந்து வந்தவர்களும் அதில் உண்டு. சுனாமி அலை கரையையும் கடைத்தெருவையும் வாரிக்கொண்டு போனது. பேராலயத்துக்குள் தண்ணீர் வரவில்லை, உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். பலர் அதை அற்புதம் என்றார்கள். பிழைத்தவர்கள் அப்படிச் சொன்னதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வெளியே கடற்கரையிலும் கடைத்தெருவிலும் செத்தவர்களில் பலரும் ஜெபிக்க வந்தவர்கள்தானே? அந்த நாளில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உள்ளே இருந்தவர்களின் ஜெபம் கேட்கப்பட்டது, வெளியே இருந்தவர்களுடையது கேட்கப்படவில்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

இயேசுவின் காலத்திலும் இப்படி ஒன்று நடந்தது. சீலோவாமில் ஒரு கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் செத்தார்கள். எருசலேமில் இருந்த மற்ற எல்லோரையும்விட அவர்கள் பெரிய குற்றவாளிகளா என்று இயேசு கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். ஏன் அந்த 18 பேர் என்பதற்கு அவர் விளக்கம் கொடுக்கவில்லை. இரண்டாயிரம் வருடமாகக் கிறிஸ்தவ அறிஞர்கள் எழுதித் தள்ளியும் அந்த 'ஏன்' அப்படியேதான் இருக்கிறது. அதற்குத் தன்னிடம் பதில் இருப்பதாக மேடையில் சொல்கிறவரைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பது நல்லது.

திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் 1931-ல் ஒரு குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். டோனாவூரே அவருக்காக ஜெபித்தது. அவர் பழையபடி எழுந்து நடமாடவே இல்லை. 1951-ல் இறக்கும்வரை ஏறக்குறைய 20 வருடம் பெரும்பாலும் அறைக்குள்தான். அங்கிருந்தே புத்தகங்களை எழுதிக்கொண்டிருந்தார். அவர் கல்லறையில் கல் கிடையாது. குழந்தைகள் அவரைக் கூப்பிட்ட பெயர் பொறித்த ஒரு பறவைத் தொட்டிதான் இருக்கிறது.

மன அமைதிக்காகவா?

ஐ.டி. வேலையில் இருக்கும் ஒருவரிடம் ஏன் ஜெபிக்கிறீர்கள் என்று கேட்டால், "ஸ்ட்ரெஸ் குறையுது, மைண்ட் ரிலாக்ஸா இருக்கு" என்று சொல்ல வாய்ப்பு அதிகம். தப்பில்லை. பலருக்கு அது உண்மையும்கூட. ஆனால் ஜெபத்தின் நோக்கமே அதுதான் என்றால், அமைதி வராத நாளில் ஜெபத்தை விட்டுவிட வேண்டியதுதான். அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-ல் புத்தகமாக வந்தபோது உலகமே அதிர்ந்தது. ஏறக்குறைய 50 வருடம் கடவுள் பக்கத்தில் இருப்பதாகவே தோன்றாத இருட்டு அவருக்குள் இருந்திருக்கிறது. அத்தனை வருடமும் அவர் தினமும் ஜெபித்தார். ஜெபித்துவிட்டு, கொல்கத்தா தெருவில் சாகக் கிடந்தவர்களிடம் போனார்.

அந்த 'போனார்' முக்கியம். சாப்பாடும் துணியும் இல்லாமல் நிற்கிறவனிடம், சுகமாய்ப் போய் வா என்று வாழ்த்தி அனுப்பிவிட்டு ஒன்றும் கொடுக்காவிட்டால் என்ன பிரயோஜனம் என்று யாக்கோபு தன் நிருபத்தில் கேட்கிறார். ஒரு எமோஜி போட்டுவிட்டு அடுத்த சாட்டுக்குப் போகிறவர்களுக்கும் அந்தக் கேள்வி பொருந்தும்.

ஐடா ஸ்கடரின் கதை தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியும். மிஷனரி டாக்டரின் மகள். அமெரிக்காவில் பள்ளிப்படிப்பு முடித்துவிட்டுத் திண்டிவனம் வந்திருந்தார். இந்தியாவில் தங்கும் எண்ணமே அவருக்குக் கிடையாது. ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவிகளைக் காப்பாற்றச் சொல்லி வந்தார்கள். அப்பா டாக்டர், வரத் தயார். ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவரும் மறுத்துவிட்டார்கள். ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. தூக்கமில்லாமல் ஜெபத்திலும் தவிப்பிலும் அந்த இரவைக் கழித்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அந்த மூவரும் பிழைக்க வேண்டும் என்று அவர் கேட்டிருந்தால், அது நடக்கவில்லை. அவர் அமெரிக்கா திரும்பி மருத்துவம் படித்தார். 1900-ல் வேலூருக்கு வந்து ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி.

அந்தப் பெண்கள் செத்தது இதற்காகத்தான் என்று யாராவது முடிச்சுப் போட்டால் அது அநியாயம். அந்த இரவு ஐடாவை என்ன செய்தது என்பதை மட்டும்தான் சொல்ல முடியும்.

சி.எம்.சி. வளாகத்தில் சேப்பலும் உண்டு, ஆபரேஷன் தியேட்டரும் உண்டு. ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்று என்று அங்கே யாரும் சொல்வதில்லை. ஜெபத்தில் சுகமாகிவிட்டது என்று இன்சுலினை நிறுத்துவதும், வலிப்பு மாத்திரையைத் தூக்கி எறிவதும் விசுவாசத்தின் அடையாளம் என்று எந்த மேடையில் யார் சொன்னாலும், அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடலாம். மாத்திரையைத் தொடரலாம், ஜெபத்தையும் தொடரலாம்.

குரூப்பில் என்ன போடுவது?

யோபுவின் கதையில் ஒரு விவரம் உண்டு. பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்து உட்கார்ந்திருந்த யோபுவைப் பார்க்க மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு நாள் ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரை எல்லாம் சரி. பிறகு வாயைத் திறந்து, நீ ஏதோ தப்பு பண்ணியிருக்கிறாய், அதனால்தான் இப்படி என்று விளக்கம் சொல்லத் தொடங்குகிறார்கள். கதையின் முடிவில் கடவுள் கோபப்படுவது, சண்டை போட்டுக் கேள்வி கேட்ட யோபுவிடம் இல்லை, விளக்கம் சொன்ன நண்பர்களிடம்தான். அந்த நண்பர்களுக்காகக் கடைசியில் ஜெபம் செய்வதும் யோபுதான்.

"அப்பாவுக்காக ஜெபம் பண்ணிக்கோங்க" என்ற மெசேஜ் வந்தால், எமோஜி போடுவதற்கு முன் அரை நிமிடம் கண்ணை மூடி அந்த மனிதரின் பெயரைச் சொல்லலாம். 'எங்கள்' என்று தொடங்கும் ஜெபம் தெரிந்திருந்தால் அதுவே போதும். பிறகு போன் பண்ணி, ரத்தம் கொடுக்க ஆள் வேணுமா, ராத்திரி ஆஸ்பத்திரியில யார் துணைக்கு இருக்காங்க என்று கேட்கலாம். அப்பா இறந்துபோனால், ஏன் என்று விளக்கம் சொல்ல வேண்டாம்.

பாளையங்கோட்டை சித்தி அப்படித்தான். அடக்கத்துக்கு மறுநாள் காலை பஸ்ஸில் வந்து இறங்குகிறார், கையில் ஒரு தூக்குவாளி நிறைய இடியாப்பம். வசனம் எதுவும் சொல்லவில்லை. மகளுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, "சாப்பிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்கிறார்.